பருத்திப்பால்

வாடிப்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே
சிறுமலையைக் காணவில்லை.
நேற்றுவரை அங்கேதான் இருந்தது.
"மேகம் கடன் வாங்கிட்டுப் போயிருக்கு,
சாயங்காலம் தந்துரும்" என்றார் டீக்கடைக்காரர்.
தராது என்று அவருக்கும் தெரியும்.

சான்றிதழுக்காக ஆறு பேர்.
பதினோரு வருஷமாய் ஆட்களை மேலே கூட்டிப்போய்
எண்ணிக்கை குறையாமல் கீழே சேர்க்கிறவள் நான்.
இப்போது அதைச் சொல்ல ஒரு தாள் வேண்டுமாம்.
பயிற்சி தருகிற ரெஜினா வத்தலக்குண்டுக்காரி,
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
மழைக்கோட்டின் தலைமூடிக்குள்ளிருந்து கேட்டாள்:
"இன்னைக்கு மேல போகணுமா?"
யாரும் வாய் திறக்கவில்லை.
பரீட்சை என்று வந்தவர்களுக்கு
வேண்டாம் என்பதும் ஒரு விடை என்று தெரியாது.

ஏறினோம்.
ஐப்பசிக் காற்றில் மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
யாரையோ அவசரமாய் வழியனுப்பிக்கொண்டிருந்தன.
திசைகாட்டி என் கைக்கு வந்தது.
பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லாத வெள்ளையில்
முள் மட்டும் பிடிவாதமாய் வடக்கே நின்றது.
நான் முள்ளை நம்பவில்லை.
எனக்குப் பழக்கமான கடுக்காய் மரத்தைத் தேடினேன்.
மூட்டத்தில் எல்லா மரமும் கடுக்காய் மரம்.
வழி பிசகினேன்.
ரெஜினா நோட்டில் குறித்தாள்.
மழை அழித்துவிடும் என்று ஒரு நப்பாசை.
பென்சிலில் எழுதுகிறவள் அவள்.

ஓடையில் காலையில் முழங்கால் என்றார்கள்.
நாங்கள் போனபோது தொடை.
தண்ணீருக்குள் கல் உருளும் சத்தம்,
மாடிப்படியில் பீரோவை இழுப்பதுபோல.
கயிறு கட்டினேன். இழுத்துப் பார்த்தாள்.
"முடிச்சு அருமைக்கா. அவிழ்த்திருங்க.
முடிச்சு நல்லா இருக்குன்னு
ஓடையைத் தாண்டக் கூடாது."

பாறையடியில் நனைந்த புளிச்சோறு.
அப்புறம் விபத்து,
முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தது:
கணுக்கால் முறிவு, ஒருவர்.
சீட்டு ஒச்சப்பனுக்கு விழுந்தது.
உசிலம்பட்டியில் செல்போன் கடை, வாய் ஓயாதவன்.
ஈரப்பாறையில் படுத்துக் கத்தினான்:
"அய்யோ எங்காலு! வீட்டுக்காரிக்கு போன் போடுங்க...
வேணாம், வேணாம், போடாதீங்க!"
சிரித்துச் சிரித்துக் கட்டுக்குச்சி நழுவியது.
தார்ப்பாய் காற்றோடு போனது.
அதைப் பிடிக்க இரண்டு பேர்,
எப்படிக் கட்டுவதென்று சண்டை போட இரண்டு பேர்,
இப்படியே முக்கால் மணி நேரம்.

"குளிருதுக்கா."
அது வசனத்தில் இருந்தது.
"கடையப் பூட்டணும்க்கா..."
அது இல்லை.
சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விழுந்தன.
நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன்.
விரலை மடக்கு என்றேன்.
மடக்கப் பார்த்தான்,
வேறு யாருடையதோ விரல்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.
அவன் கை நடிக்கவில்லை.

நிறுத்துங்க என்றேன்.
அதையும் பயிற்சி என்று நினைத்தார்கள்.
நிஜமாகவே ஏதாவது ஆனால் சொல்ல
காலையில் ஒரு வார்த்தை பேசி வைத்திருந்தோம்,
மலைமேல் யாரும் தவறிக்கூடச் சொல்லாத வார்த்தை.
இடிக்கும் மழைக்கும் நடுவில்
தொண்டை கிழியக் கத்தினேன்:
"பருத்திப்பால்! பருத்திப்பால்!"

சிரிப்பு நின்றது.
ரெஜினா நோட்டை மூடினாள்.
ஈரச் சட்டை கழன்றது, என் பையிலிருந்த காய்ந்த ஸ்வெட்டர் ஏறியது.
அடியில் ரெண்டு பையை விரிங்க என்றேன்,
நாகூர்கனி இந்தப் பக்கம், செபஸ்தி அந்தப் பக்கம்,
நெருங்கி உக்காருங்கப்பா, வெக்கப்படாதீங்க.
பிளாஸ்க்கில் மிச்சமிருந்த சுடுதண்ணீர்,
கொஞ்சம் கருப்பட்டி.
யாரும் யாரிடமும் எப்படி என்று கேட்கவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று முழுசாக வந்தது அவன் வாயிலிருந்து.
இறங்கலாம் என்றேன்.
உச்சி எங்கே இருந்ததோ, அங்கேயே இருந்தது.

அடிவாரத்தில் ஒச்சப்பன் கேட்டான்,
"நல்லா நடிச்சேனாக்கா?"
"முதல் அரைமணி நேரம்" என்றேன்.

தாள் வருமா தெரியாது. ரெஜினா சொல்லவில்லை.
பஸ் ஜன்னல் கம்பியில்
சாக்ஸைப் பிழிந்து காயப்போட்டேன்.
சமயநல்லூர்வரை
கண்டக்டர் திட்டிக்கொண்டே வந்தார்.