கொண்டுவந்தவர்

சுடுகாட்டுக்குப் பொம்பளை வரக்கூடாது.
அப்பாவைத் தூக்கிய அன்று
தெருமுனை அடிபம்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்.
இப்போது ஒரு மாதமாக,
மாவு அரைத்து கிரைண்டரைக் கழுவிய பிறகு,
தினமும் ராத்திரி மூலகொத்தளத்தில்தான் இருக்கிறேன்,
செல்போன் வழியாக.
வாசலில் ஒரு ஆறு இலக்க எண் கேட்கிறது. அவ்வளவுதான்.

காசிமேட்டு வீட்டுக்குப் பட்டா வேண்டும்.
பட்டாவுக்கு வாரிசு,
வாரிசுக்கு இறப்பு,
இறப்புக்கு ஒரு தேதி.
தேதி தெரிந்தவர்கள் எல்லாரும்
தாங்களும் ஒரு தேதியாகிவிட்டார்கள்.
கையில் இருப்பது ஒரு பெயர்:
மாசிலாமணி.
அப்பாவின் தாத்தா. துறைமுகத்தில் மூட்டை.

மாசிலாமணி என்று போட்டால் யாருமில்லை.
காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான் குமாஸ்தா,
கண்ணில் பட்டதைத் தட்டியிருக்கிறது இந்தக் காலத்துக் கை.
மசிலமோனி. மாசில்லா மனி.
ஒரு தடவை மாசி ஒரு கட்டத்தில், லாமணி அடுத்த கட்டத்தில்,
இரண்டு பேராகச் செத்த மாதிரி.
சில பக்கத்தில் கரையான் துளை.
துளைக்குள் அடுத்த பக்கத்துப் பிணத்தின் வயசு தெரிகிறது.
ஒரு பக்க ஓரத்தில், படம் பிடித்தவரின் விரல்,
மஞ்சள் ரப்பர் உறையோடு.
அவரும் பதிவாகிவிட்டார், பாவம்.

பதினெட்டாவது நாளோ என்னவோ
கிடைத்தார்.
செத்தவர் வரிசையில் அல்ல.
ஒன்பதாவது கட்டத்தில்:
பிணத்தைக் கொண்டுவந்தவர்.
மாசிலாமணி, இடது பெருவிரல்.

செத்தது பைடய்யா, வயது 22, நிலக்கரிக் கூலி,
வாந்திபேதி.
உறவுமுறை: தம்பி.
எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு வராது.

அப்புறம் அந்த விரலைத்தான் தேடினேன்.
முப்பத்தொன்றில் நாலு, முப்பத்திரண்டில் ஆறு.
க்ரேன் சங்கிலி அறுந்து ஒருத்தர்: மச்சான்.
காய்ச்சலில் ஒரு பையன்: மகன்.
மாசிலாமணிக்கு அப்போது வயசு என்ன இருந்திருக்கும்,
அவ்வளவு பெரிய மகனுக்கு?
கேட்பாரற்ற உடம்பு
அறுக்கிற மேஜைக்குப் போய்விடும் என்ற பயமோ,
உறவு சொன்னால்தான் குழி என்ற சட்டமோ,
எனக்குத் தெரியவில்லை.
மொத்தம் பத்தொன்பது.
அதில் ஒன்று:
பெயர் தெரியாத ஆண், சுமார் நாற்பது. கடலில் எடுத்தது.
உறவுமுறை: அண்ணன்.

அண்ணன் பெயர் எப்படியடா தெரியாமல் போகும்
என்று குமாஸ்தா கேட்கவில்லை.
மையைத் தொட்டு அவனும்
அண்ணன் என்றே எழுதியிருக்கிறான்,
கொஞ்சம் அழுத்தி.

அச்செடுத்துக்கொண்டு
தம்புச்செட்டித் தெருவுக்குப் போனேன்.
வக்கீல் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"செத்தவரக் கேட்டா
தூக்கினவரக் கொண்டாந்துகீறியேம்மா.
இது செல்லாது."
மின்விசிறியில் தாள்கள் எழும்பின.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோப்பு வைத்தார்,
அதுவரைக்கும் நல்லவர்தான்.

திரும்பும்போது கல்மண்டபம் சிக்னலில் ஒரு ஊர்வலம்.
பறை, பட்டாசு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பூப்பல்லக்கு.
தோள் கொடுத்தேன் என்று எழுத ஆசை.
கொடுக்கவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்
"யாரு, சொந்தமா?" என்றார்.
"ஆமா" என்றேன்.
வீட்டில் இறங்கும்போது
டயரில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது பாதிச் சாமந்தி.

முப்பத்தெட்டுக்குப் பிறகு அந்த விரல் இல்லை.
அவரை யார் கொண்டுவந்தார்கள்,
என்ன உறவு சொன்னார்கள்?
ஒருவேளை பெயர் தெரியாத ஆண் என்று கிடக்கிறாரோ,
எவனோ ஒருத்தனின் அண்ணனாக.
முப்பத்தொன்பதைத் திறந்திருக்கிறேன்.
சுற்றிக்கொண்டே இருக்கிறது அந்தச் சின்ன வட்டம்.
ஊறவைத்த அரிசி அப்படியே இருக்கிறது.