கைரேகை பொருந்தவில்லை

ரேஷன் கடை மிஷின்
மூன்றாம் முறையும் நான் இல்லை என்றது.
பெருவிரலைச் சேலையில் துடைத்து வைத்தேன்,
எச்சில் தொட்டு வைத்தேன்.
பின்னால் நின்றவள் பையை இடம் மாற்றிக்கொண்டாள்.

பதினேழு வருசம்
கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில்
தோடு உடைத்த விரல்கள் இவை.
அண்டிப்பால் முதலில் தோலைத் தின்னும்,
பிறகு தோலில் இருந்த கோட்டை.
சாம்பல் புரட்டிக்கொண்டால் கொஞ்சம் தாங்கலாம்.

சாம்பலுக்குக் கேட்காதது ஒன்று.
பருப்பு காய்கிற போர்மா அறை,
சனிக்கிழமை, கூலி நாள்.
மேஸ்திரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது
ஒரே சொல்:
மிண்டாதே.

மிண்டவில்லை.
அன்று மட்டுமல்ல, அடுத்த பதினான்கு மாசம்.
மீன்காரியிடம் சாளையை விரலால் காட்டினேன்.
பஸ்ஸில் சில்லறையை நீட்டினேன்,
இறங்குமிடத்தைக் கண்டக்டரே ஊகித்தார்.
தங்கலீலாவுக்கு வழியில் என்னவோ பிடிச்சிருக்கு என்று
மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டினாள்.
நல்ல கயிறு. இன்னும் அறவில்லை.

அவன் தினமும் என் எடைச்சீட்டில்
ஒப்புவைத்துக்கொண்டுதான் இருந்தான்.

பக்கத்துப் பலகை ஸ்டெல்லா பாய்
அந்தச் சீட்டுகளின் பின்பக்கத்தில்
ஜெபக்குறிப்பு எழுதுவாள்:
மகனின் கடன், முழங்கால், மழை.
ஒருநாள் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டாள்.
"ஒனக்க அய்யாவுக்கு நீ எழுது.
எனக்க ஆளுக்கு ஏற்கெனவே வேலை நெறைய."

முதல் நாள் எழுதியது: சூடு.
மறுநாள்: கதவு.
மூன்று வாரம் அந்தக் கதவைத் தாண்டவில்லை.
பிறகு தாழ்ப்பாள்,
நீலச் சட்டை,
பாக்கெட்டில் செருகிய பேனாவின் மூடி.
எழுதியதையெல்லாம் அரிசிப்பானைக்கு அடியில் போட்டேன்.
மாசக்கடைசியில், அரிசி தீரத் தீர,
சீட்டுகள் தெரிய ஆரம்பித்தன.

எங்கள் நிழல்தாங்கலில் சிலை கிடையாது.
பள்ளியறையில் இரண்டு விளக்கு, நடுவே கண்ணாடி.
கும்பிட வந்தவளையே எதிரே நிறுத்தும்.
அதனால்தான் நான் போகாமல் இருந்தேன்.

போனது ஒரு ஞாயிறு,
உச்சிப்படிப்பு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு.
சீட்டை முகத்துக்கு நேரே பிடித்தேன்.
கண்ணாடியில் தெரிந்தது அதன் மறுபக்கம்:
எடை, தேதி, அவன் ஒப்பு.
எழுதிய பக்கம் என் பக்கம்.
அய்யாவுக்குத் தெரியவேண்டுமென்றால்
நான் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

குரல் வரவில்லை. இருமல் வந்தது.
பணிவிடைக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை
வாசலில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் போனார்.
அதுவும் பணிவிடைதான்.

சூடு, என்றேன்.
கதவு, என்றேன்.
கண்ணாடியில் நின்றவளுக்கு உதடு நடுங்கியது.
பாவம், என்ன பாடுபட்டிருக்கிறாள் என்று தோன்றியது.
நாமம் இட்ட அவள் நெற்றியைப் பார்த்தபடியே
மீதிப் பதினொரு சீட்டையும் வாசித்தேன்.
அய்யா உண்டு என்று முடித்தேன்.
வழக்கமாகச் சொல்வதுதான்.
அன்று அது ஒரு தகவல் போலக் கேட்டது.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
அண்டி வறுக்கும் வாசனை வந்தால்
இப்போதும் வயிறு கவிழ்கிறது.
புகாரை நானே எழுதினேன், ஆறு பக்கம்.
மகளிர் ஸ்டேஷனில் மைப்பெட்டியைத் தள்ளினார்கள்.
வேண்டாம், கையெழுத்துப் போடுவேன் என்றேன்.
அடுத்த வாய்தா ஆவணியில்.
ஸ்டெல்லா பாய் சாட்சி சொல்ல
ஒரு புதுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

மிஷினை ஒதுக்கிவிட்டுக் கடைக்காரர்
பழைய நோட்டைப் புரட்டுகிறார்.
"பேரச் சொல்லுங்க."

சொல்கிறேன்.
பையை மாற்றிக்கொண்டு நிற்கிறவளுக்கும்
அவளுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கும்
கேட்கிற மாதிரி.