காரணம்: பிற

மாரிபோரில் மழைக்கோட்டு விற்கிறோம்.
கடை என்றால் கடை இல்லை.
சைக்கிள் பழுதுபார்ப்பவரின் மாடியில் இரண்டு அறை,
ஒரு வலைத்தளம், நானும் ததேயும்,
படியேறி வரும் கிரீஸ் வாசனை.

திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள்.

ஒன்று ஸதாரிலிருந்து, வக்கீல் தாளில்.
உங்கள் முகப்புப் படம்,
குட்டையில் குதிக்கும் மஞ்சள் கோட்டுப் பிள்ளை,
என் கட்சிக்காரர் ஸ்வொங்கா மதூலிச் எடுத்தது.
ஆறு வருடமாகக் கேட்காமல், பெயர் போடாமல்.
அறுநூற்று நாற்பது யூரோ. பெயரும்.

"இணையத்தில் கிடந்தது, எடுத்தேன்" என்றான் ததே.
கிடந்தால் யாருடையதும் இல்லையா?
கீழே தெருவில்
பத்து சைக்கிள் கிடக்கிறது, போய் எடேன்.

மற்றது இரண்டே வரி.
என்னைப் பற்றி வைத்திருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள்.
இனி எதுவும் அனுப்பாதீர்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
கடிதமே அதற்குத்தானே.

ஏன் என்று கேட்கக் கூடாது.
ஒரு மாதம் தவணை.
அழிக்க வேண்டுமென்றால் தேட வேண்டும்,
தேடினால்
கண் படித்துவிடுகிறது.

செப்டம்பர். மஞ்சள். அளவு 98.
மறு செப்டம்பர் 104.
110.
116, கூடவே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
122.
பிரிக்காமல் திரும்பி வந்திருக்கிறது.
காரணம் தேர்ந்தெடுக்கும் பெட்டியில்
சிறியது, பெரியது, நிறம் பிடிக்கவில்லை
எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் இருக்குமே,
"பிற".

அதோடு நின்றிருக்கலாம்.
நாங்கள் நிற்கவில்லை.
உங்கள் செல்லம் வளர்ந்திருப்பானே! அளவு 128, பத்து சதம் தள்ளுபடி.
அடுத்த வருடம் 134.
போன வாரம் 140.
எங்கள் இயந்திரம் அந்தப் பிள்ளையை
வருடத்துக்கு ஆறு சென்டிமீட்டர்
வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

எனக்கு ஒன்றும் தெரியாது.
வேறு கடையில் நீலக் கோட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம்.
தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

தொலைபேசி எண்ணை அழித்தேன்.
முகவரியை, கதவில் மணி வேலை செய்யாது
என்ற குறிப்பை,
அட்டையின் கடைசி நான்கு இலக்கத்தை.
விலைச்சீட்டுகளைத் தொட முடியாது,
வரிச்சட்டம் பத்து வருடம் வைத்திரு என்கிறது.
மின்னஞ்சல் முகவரியையும் முழுக்க அழிக்காதே என்றான் ததே.
பழைய பிரதி எதிலிருந்தாவது எழுந்து வந்துவிடும்.
அனுப்பக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது.
அதில் பதினோராவது வரி.
மறந்துவிட்டோம் என்பதை
மறக்காமலிருக்க.

அழித்தாயிற்று என்று பதில் எழுதினேன்.
அதன் நகல் "அனுப்பியவை"யில் இருக்கிறது.

ஸதாருக்கு இரண்டு தவணையில் பணம்.
படத்தின் கீழே பெயர் போட்டோம்.
ததே பொடி எழுத்தில் போட்டிருந்தான்,
பெரிதாக்கச் சொன்னேன்.

பிறகு, வளர்க்கும் அந்த விதியை
எல்லோருக்கும் சேர்த்தே அணைத்தேன்.
செப்டம்பர் வியாபாரம் படுத்துவிடும் என்றான்.
படுக்கட்டும் என்று சொல்ல நான் பணக்காரி இல்லை.
சொல்லவில்லை. மறுபடி போடவும் இல்லை.

கீழே யாரோ ஒரு டியூபை
வாளித் தண்ணீரில் அமிழ்த்தித்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
குமிழி எங்கே வருகிறதென்று.