பதினோரு ஜிபி

பொங்கோல் வீட்டை வாங்கியவர்
வெள்ளிக்கிழமை சாவி கேட்கிறார்.
சோபா உனக்கு, வாஷிங் மெஷின் எனக்கு,
மீன்தொட்டியை எதிர்வீட்டு ஜுனைதா
தூக்கிக்கொண்டு போனாள்.

மிச்சம் இந்தக் கணினி.
நம் இருவருக்கும் ஒரே முகவரி,
பன்னிரண்டு வருட மின்னஞ்சல்
ஒரே கோப்பில்.

நகலெடுக்கப் போனால்
‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்கிறது.
இல்லை என்று யாரிடம் சொல்ல?
அஞ்சல் நிரலை மூடினேன்.
நகர்ந்தது.

நாற்பது நிமிடம்.
கீழே எல்ஆர்டி போய்ப் போய் வந்தது.
வீட்டுக்கடன், தண்ணீர்க் கட்டணம்,
நீ பாதியில் விட்ட வரைவு,
படிக்காதவை இருநூற்றுப் பதினான்கு
எல்லாம்
குறையாமல் இரண்டாயின.

ஹார்ட் டிஸ்கை
உன் பெட்டியில் வைத்திருக்கிறேன், சற்குணா.
கேபிளையும்.
ஒன்றுதான் இருந்தது.