புள்ளிக்கு வலப்பக்கம்

பதினான்காம் பக்கம் என் பொறுப்பு.
ஆய்வுக்கு நாடு செலவிடுவதை
நூற்றுக்கு ஒன்றாக உயர்த்துவோம் என்று தொடங்கும்.
இன்றைக்கு எவ்வளவு என்ற கட்டத்தில்
ஒரு சுழி, ஒரு புள்ளி,
அதற்கு வலப்பக்கம் கூச்சத்தோடு இரண்டு எண்கள்.

முதல் நகலில் புள்ளி விழுந்துவிட்டது.
எபேனில், ஏழாம் மாடியில், இருபத்திரண்டு பேர் நடுவே
ஒரு மணி நேரம்
வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை
தெரியாதவற்றுக்கு எழுதிவைத்த
உலகின் ஒரே தீவாக இருந்தோம்.
யாரும் கவனிக்கவில்லை.
தால்பூரி வந்தது, சாப்பிட்டோம்.

நிதித்துறை ஷமீமாதான் கண்டுபிடித்தாள்.
சிரித்துக்கொண்டே பேனாவால் ஒரு குத்து.
மறுபடி ஏழையானோம்.

அடுத்தது வரிச்சலுகை.
தனியார் ஒரு ரூபாய் போட்டால்
இரண்டு போட்டதாகக் கணக்கில் எழுதலாம்.
கரும்பு தின்னக் கூலியா என்று எனக்குள் வந்தது.
ஷமீமாவிடம் கிரியோலில் சொல்லிப் பார்த்தேன்;
"யாருக்குப் பல்வலி?" என்றாள்.

பெல் ரொஷே ஆலையின் முசியே தார்வுவா
அன்று முழுக்க ஒரே சொல்தான் பேசினார்:
"கான்?"
எப்போது திரும்பி வரும், போட்ட பணம்?

ரெதுயிலிருந்து வந்திருந்த தேவயானி சூப்ரயேன்
மைக்கைத் தேடாமலே சொன்னாள்:
பதினைந்து வருடம்.
கொஞ்சம் பொறுத்து,
ஒருவேளை.

நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பையன் நிமிர்ந்து கேட்டான்,
ஒருவேளையையும் சேர்க்கணுமா?

அமைச்சருக்கு ஐந்து வருடம்.
முசியேவுக்கு மூன்று மாதம், காலாண்டு முடியும்வரை.
எனக்கு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி.

வியாழன் அன்று ரெதுயிக்குப் பேருந்து ஏறினேன்.
ஜூன் மாதத் தூறல். கண்ணாடிக் கூடத்துக்குள்
கரும்புப் பூக்கள் துணிக்கூண்டுக்குள் நின்றன,
ஆண் கதிர் மேலே, பெண் கதிர் கீழே,
வேரில்லாத கால்கள் அமிலத் தண்ணீரில்.
வெற்றி விகிதம் என்ற கட்டத்துக்கு ஓர் எண் வேண்டும் என்றேன்.

நாற்பதாயிரம் நாற்றில் ஒன்று தேறும், என்றாள்.
போன தொகுதியில்?
ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடம்.
பேருந்தைத் தவறவிட்டவள் சொல்வதுபோல் சொன்னாள்.

மேசையில் ஒரு பேரேடு.
சிவப்பில் அடித்த எண்கள், பக்கம் பக்கமாக,
ஒவ்வொன்றின் அருகிலும் ஏன் என்று ஒரு வரி:
சாய்ந்தது. பூஞ்சை. சாறில்லை. புயல்.
ஓர் எண்ணுக்கு எதிரே மட்டும்: மோ பா கொனே.
தெரியவில்லையாம்.
"இதுக்குத்தான் இந்த வருஷம் பணம் கேக்குறேன்."

இரவு அலுவலகத்தில்
நாற்பதாயிரத்தில் ஒன்றைக் கட்டத்தில் அடித்தேன்.
கணினி யோசிக்கவே இல்லை. 0.00 என்றது.
அவளுடைய பன்னிரண்டு வருடமும்
இனி வரப்போகும் பதினைந்தும்
அந்த இரண்டு சுழிக்குள் சத்தமில்லாமல் போயின.

புள்ளிக்கு வலப்பக்கம் இன்னும் இரண்டு இடம் கேட்டேன்.
0.0025.
இருந்தது. தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளி, மூன்று ஐம்பது.
மேலிடத்திலிருந்து தொலைபேசி:
கட்டம் அகலமாகிவிட்டதே, பக்கம் கோணலாக இருக்கிறதே.
இருக்கட்டும் என்றேன்.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து
அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

முசியே தார்வுவா கையெழுத்துப் போட்டார்,
ஒரே ஒரு வருடத்துக்கு.
மற்றதைப் பிறகு பார்க்கலாமாம்.
அவர் கண்ணில் பட்டது எந்த எண் என்று
கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ரெதுயில் கிளம்பும்போது
தேவயானி என் நகலின் மேல் எதையோ வைத்திருந்தாள்.
பஞ்சு நீக்கிய கரும்பு விதை.
அச்சுப் பிசகு என்று
விரலால் தட்டிவிடப் போனேன்.

"மூச்சு விடாதீங்க," என்றாள்,
"பறந்துடும்."