இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

ட்ரொன்ஹெய்மில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம்
டோர்டிஸ் ஒரே வாக்கியத்தைக்
காலையிலிருந்து அடிப்பதும் அழிப்பதுமாக இருக்கிறாள்.

'வரி 212: சட்டவிரோதமான முடிவு.'
எந்தச் சட்டம்?
ஒரு கோப்பு முடிந்துபோவது குற்றமா?

ஸென்யா தீவிலிருந்து புகார்.
ஸோல்வி, மீன்பண்ணைத் தெப்பத்தில் இரவுக்காவல்.
சால்மன்களுக்குத் தீனி கொட்டும் நேரத்தைக் கணக்கிடத்
தானே நிரல் எழுதிப் பார்க்கிறாள்.
"212ஆம் வரியில் பிழை என்கிறது உங்கள் கம்பைலர்.
என்னிடம் இருப்பதே 211 வரிகள்.
மூன்று முறை எண்ணினேன்.
நாலாவது முறை விரல் வைத்து எண்ணினேன்."

தேள் கொட்டியது பதினேழில்,
நெறி கட்டியது கடைசியில்.
திறந்த அடைப்புக்குறி ஒன்று
மூட ஆளில்லாமல்
கோப்பு முழுக்க வாய்பிளந்து கிடந்தது.
கம்பைலருக்கு அது தெரியும்.
தெரிந்ததைச் சொல்லத்தான் தெரியவில்லை.

டோர்டிஸ் எழுதினாள்:
'17ஆம் வரியில் திறந்த அடைப்புக்கு
ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
கோப்பு முடிந்துவிட்டது.'

"தேடிக்கொண்டிருக்கிறேனா?
யார் அந்த 'நான்'?" என்றான் ஓட்டார்,
காப்பிக் கோப்பையால் திரையைச் சுட்டி.
"இத்தனை நாள் திட்டியது யாரோ,
அவரே தேடட்டும்."

'நான்' போயிற்று.
'தயவுசெய்து' வந்தது, அதுவும் போயிற்று;
நடுக்கடலில் இரவு ஒரு மணிக்குத்
தயவை வைத்துக்கொண்டு என்ன செய்ய,
வரி எண் போதும்.
கடைசியில் நின்றது:
'17ஆம் வரியில் திறந்த அடைப்பு மூடப்படவில்லை.'
அதன்கீழ் அந்த வரியே,
திறந்த இடத்துக்கு நேராக ஒரு சின்னக் கூரைக்குறி.

ஒரு வாக்கியம் மாறியதில்
நானூற்றுப் பதினெட்டுச் சோதனைகள் சிவந்தன.
ஒவ்வொன்றும் பழைய வசவை
எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டிருந்தது.
உட்கார்ந்து மறக்கடித்தாள்.
ஓட்டார் இரண்டாவது காப்பி கொண்டுவந்தான். ஆறியது.

முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு வரி
கண்ணில் பட்டது.
ஆறு வருடம் முன்பு அவளே எழுதியது,
எவரும் எட்டமாட்டார்களென்று நம்பிய மூலையில்:
'இது நடக்கவே முடியாது.'

புகார்களில் தேடிப் பார்த்தாள்.
எழுபத்தொரு பேருக்கு நடந்திருக்கிறது.
ஒருவர் அடியில்
'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை அழித்தாள்.
'எங்கள் தவறு' என்று தொடங்கினாள்.
அதற்குமேல்
வெகுநேரம் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.