பதின்மூன்று ஆம்பியர்

சிவப்பு விளக்கு எரியவில்லை.
சுவிட்சை அமுக்கினால் 'டிக்' மட்டும்,
கதை பிடிக்காதவன் உச்சுக்கொட்டுவதுபோல.

ரெலாவ் ஃபிளாட், பதினோராவது மாடி.
எட்டு மணிக்கு பட்டர்வொர்த்தில் கல்யாண விருந்து.
பாலத்தில் இந்நேரமே ஜாம்.
துளசிராம் போனில்: "ஆச்சா?"
"ஆகும்."

பாயான் லெப்பாஸில் பகல் முழுக்க
யார் யாருக்கோ போகும் சர்க்யூட் பலகைகளைத்
தேறியது, தேறாதது என்று பிரிப்பவள் நான்.
என் பேஸ் ஆம்ப்
என்னை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை.

வேறு பாயிண்டில் செருகினேன். ஊஹும்.
பின்பக்கத்துக் கண்ணாடி ஃபியூஸ்
மீட்டரில் கீச்சென்றது. அது நல்ல பிள்ளை.
எட்டு ஸ்க்ரூ. மூடியைக் கழற்றிவிட்டு
கையை மடியில் வைத்துப் பத்து நிமிடம்
சும்மா உட்கார்ந்தேன்:
கெப்பாசிட்டர்கள்
பழைய கோபத்தை உடனே விடுவதில்லை.
கருகல் வாடை இல்லை. வீக்கம் இல்லை.
உலர்ந்த பல்லி ஒன்று,
என் பழைய பிக் ஒன்று.

கடைசியாகத்தான் தோன்றியது
பிளக்கைத் திறக்க.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் பள்ளம்.

ஆமாம். ஜூலையில், அந்தப் புழுக்க ராத்திரி,
மேசை விசிறிக்காக நானேதான் உருவினேன்.
காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

அறையில் யோகராஜ்,
நைட் ஷிஃப்ட் முடித்த உறக்கம்.
விசிறி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.
கீழே ஹார்ட்வேர் கடை
ஞாயிறு திறக்காது.

உருவினேன்.
இறக்கைகள் மனமில்லாமல் நின்றன.

வியர்த்து எழுந்து வந்தான்,
கைலியை இடுப்பில் பிடித்தபடி.
"கரண்ட் போச்சா?"

"போகல," என்றேன்,
சிவப்பு வெளிச்சத்தில்.
"இங்க வந்திருக்கு."